தைராய்டு மாத்திரையை இரண்டு வேளையாகப் பிரித்தது: என் அனுபவம்

எனக்குத் தைராக்சின், லையோதைரோனின் என்று இரண்டு தைராய்டு ஹார்மோன் மாத்திரைகள் உண்டு. காலையில் இரண்டையும் சேர்த்துப் போட்டால், பத்து மணிவாக்கில் கோத்தகிரி மேட்டில் ஏறாமலே நெஞ்சு படபடக்கும். மூன்று மணிக்கு ஸ்வெட்டருக்குள்ளும் குளிர் ஏறி, உட்கார்ந்தபடியே கண் சொருகும்.

டாக்டர் காரணம் சொன்னார். தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதைப் பிரித்துப் பெரிய பயனில்லை. லையோதைரோனின், அதாவது டி3, 2 முதல் 4 மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். அதனால் மொத்த அளவை மாற்றாமல் டி3-ஐ மட்டும் காலை பாதி, பிற்பகல் பாதி ஆக்கினார். இதய நோய் உள்ளவர்கள் இதைத் தானாகச் செய்து பார்க்கவே வேண்டாம்.

பிற்பகல் வேளைதான் பாடு, வெறும் வயிற்றில் போட வேண்டுமே. இந்த ஊரில் எந்த வீட்டுப் படியேறினாலும் கையில் டீ வந்துவிடும்! சாப்பாட்டை ஒரு மணிக்குள் முடித்து, மூன்றரைக்கு மாத்திரை, நாலரைக்கு டீ. கால்சியம் மாத்திரையை 4 மணி நேரம் தள்ளி ராத்திரிக்கு வைத்தேன். டி3-ஐ ஆறு மணிக்குத் தள்ளினால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

பிளேடு வைத்தால் பாதி தூளாகிறது. மருந்துக்கடை கட்டர் தேவலை. மூடுபனி மாதங்களில் உடைத்த பாதி ஈரம் இழுக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உடைத்து, மிச்சப் பாதியை இறுக்கமான டப்பாவில் போடுகிறேன்.

படபடப்பு நின்றுவிட்டது. அப்புறம், ரத்தப் பரிசோதனை அன்று ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை. இல்லையென்றால் டி3 கூடுதலாகக் காட்டும்.