சேலம் கடைவீதியில் ஒரு பழைய கடையின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

ராஜகணபதி கோயிலைச் சுற்றியுள்ள கடைவீதியோ, செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரோ, எங்கே தேடினாலும் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: கட்டடத்தின் கதை வேறு, அதில் கடை வைத்தவர்களின் கதை வேறு.

கட்டடத்துக்குப் பத்திரம் இருக்கும். கதவு எண்ணை நம்ப வேண்டாம், பழைய எண், புதிய எண் என்று அது மாறிவிடும்; நகர நில அளவையில் அந்த மனைக்குக் கொடுத்த டவுன் சர்வே எண்ணைப் பிடியுங்கள். அதை வைத்து வில்லங்கச் சான்று போட்டால் யார் விற்றார், யார் வாங்கினார், எப்போது அடமானம் போனது என்று வரிசையாக வரும். இணையத்தில் பெரும்பாலும் 1975க்கு அப்புறம் உள்ளவைதான். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். ஆனால் பதிவு செய்யாத பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்த வியாபாரி இதில் தலைகாட்டவே மாட்டார்.

அவரைப் பிடிக்க ரசீதுதான் வழி. நகை ரசீது, ஜவுளிக்கடை பில், ஸ்டூடியோ போட்டோவின் பின்பக்க முத்திரை, கல்யாணச் செலவு நோட்டுக்குள் மடித்து வைத்த காகிதம் என எல்லாமே வீட்டு பீரோக்களில் கிடக்கின்றன. தேதி கிழிந்திருந்தாலும் காலம் சொல்லிவிடலாம். விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தையது, நயா பைசா என்றால் அதை அடுத்த சில வருடங்கள். முகவரியில் 636001 அச்சாகியிருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்கு முன்னால் இருக்க வாய்ப்பே இல்லை, பின்கோடு வந்ததே அன்றுதான். 33இல் தொடங்கும் பதினைந்து இலக்க வரி எண் இருந்தால் அது ஜிஎஸ்டி, 2017 ஜூலைக்கு அப்புறம்.

சரி, ரசீதே கிடைக்கவில்லையா? மாடியை அண்ணாந்து பாருங்கள். கீழே கண்ணாடியும் அலுமினியத் தகடும் வந்துவிட்டாலும் மேலே கைப்பிடிச் சுவரில் சிமெண்டில் செய்த பெயரும் வருடமும் பல இடங்களில் அப்படியே நிற்கும். 'முருகன் துணை' என்பதில் ணை யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்திருந்தால் அநேகமாக 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வேலை. ஆனால் பலகை எழுதுபவர்கள் பழக்கத்தில் அதற்கப்புறமும் பழைய எழுத்தையே போட்டிருக்கலாம், பெரியார் இதழ்களில் 1935லிருந்தே புது எழுத்து வந்துவிட்டது, அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பிரபவ வருஷம் என்று மட்டும் போட்டிருந்தால் 1867, 1927, 1987 மூன்றுக்கும் பொருந்தும், சுண்ணாம்பா சிமெண்டா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஆட்களிடம் கேட்கும்போது முதலாளியோடு நிறுத்தாதீர்கள். பழைய கணக்குப்பிள்ளை, லீ பஜாரில் மூட்டை தூக்கியவர், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்தவர், இவர்கள்தான் கடை கைமாறியதை நேரில் பார்த்தவர்கள். 'எந்த வருஷம்?' என்று கேட்டால் திணறுவார்கள். 'ஐயா, உங்க கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்று கேளுங்கள், பக்கத்துக் கடைகள் உட்பட சொல்லிக்கொண்டே போவார்கள். படம் எடுக்கும் முன் அனுமதி வாங்குங்கள், ஒவ்வொரு படத்தின் பெயரிலும் சர்வே எண்ணையும் எடுத்த தேதியையும் சேர்த்துவிடுங்கள்.