முதுகலை ஆய்வேடு: வினாநிரலைக் கடைசியில் எழுதுங்கள்

நெறியாளர் "தலைப்போடு வாருங்கள்" என்று சொன்ன மறுநாளே பல மாணவர்கள் கூகுள் படிவத்தைத் திறந்துவிடுகிறார்கள். வயது, கல்வித் தகுதி, மாத வருமானம், பிறகு "முழுமையாக உடன்படுகிறேன்" என்று தொடங்கும் ஐந்து கட்டங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இரண்டு நாளில் பதில்கள் குவிந்துவிடும். அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வருகிறது. வரிசையை மாற்றினாலே பாதித் தொல்லை தீரும்.

ஓர் உதாரணத்தையே கடைசிவரை பிடித்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய, சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத் திட்டம்தான் அது. சமூகவியல், பொருளியல், சமூகப்பணி என எந்தத் துறை மாணவருக்கும் இது பொருந்தும்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

"கட்டணமில்லாப் பயணமும் பெண்கள் மேம்பாடும்" என்பது வெறும் தலைப்பு. மேம்பாட்டை எதை வைத்து அளப்பீர்கள்? யார், எங்கே, எது மாறியது என்ற மூன்றையும் வெட்டிச் சுருக்குங்கள். "கிராமத்திலிருந்து நகரச் சந்தைக்குப் பூவும் கீரையும் விற்கப் போகும் பெண்கள், பஸ் கட்டணம் இல்லாததால் கூடுதல் நாட்கள் போகிறார்களா?" இது கேள்வி. "இல்லை" என்ற விடைக்கும் இதில் இடம் இருக்கிறது. "ஆம்" என்ற ஒரே விடைதான் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அதற்கு ஆய்வு எதற்கு?

படி 2: கேள்வியோடு படியுங்கள்

காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முழு ஆய்வேட்டையும் படிக்க வேண்டியதில்லை. ஆய்வு முறையை விளக்கும் இயலை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இந்தத் திட்டத்தைப் பற்றி மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்திருக்கிறது. போக்குவரத்துத் துறை சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகளும் உண்டு.

படிக்கும்போதே ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: அவர்கள் கேட்ட கேள்வி, யாரிடம் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், எதை விட்டுவிட்டார்கள். நான்காம் பத்தி நிறையும்போது உங்கள் ஆய்வுக்கான இடம் கண்ணில் படும். "இன்னார் இப்படிக் கூறினார், மற்றவர் அப்படிக் கூறினார்" என்று இருபது பக்கம் ஓடும் முன்னாய்வு இயலுக்கு இந்த நான்காம் பத்தி வெறுமையாக இருப்பதே காரணம்.

படி 3: எதை எதோடு ஒப்பிடுவது?

ஆய்வேட்டின் தலைவிதி இங்கேதான் முடிவாகிறது. சற்று நிதானியுங்கள்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது "திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின்" என்ற ஒப்பீடு. ஆனால் திட்டம் 2021 மே 8 அன்று நடைமுறைக்கு வந்தது. மே 10 முதல் கொரோனா முழு ஊரடங்கில் பேருந்துகளே ஓடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டும் ஊரடங்கில் கழிந்தது. ஆகவே 2020-ஐயும் 2022-ஐயும் பக்கத்தில் வைத்து "பயணம் கூடியது, காரணம் திட்டம்" என்று எழுதினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஊரடங்கு முடிந்ததால் கூடியதா, டிக்கெட் இல்லாததால் கூடியதா?

இன்னொரு வழி இருக்கிறது. கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தில் உண்டு, புறநகர்ப் பேருந்தில் இல்லை. ஒரே சந்தைக்குப் போகும் இரண்டு கிராமங்களை எடுங்கள். ஒன்றுக்கு நகரப் பேருந்து வர வேண்டும். மற்றதற்குப் புறநகர்ப் பேருந்து மட்டும். தூரம், பயிர், சந்தை நாள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஒப்பீடு நிற்கும். முழுக்க ஒரே மாதிரியான இரண்டு ஊர் எங்கும் கிடைக்காது. எந்தெந்த விதத்தில் வேறுபடுகின்றன என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். அதைத் தேர்வாளர் கண்டுபிடிப்பதைவிட நீங்கள் சொல்வது நல்லது.

படி 4: எத்தனை பேர்?

1970-இல் கிரெஜ்சியும் மார்கனும் வெளியிட்ட மாதிரி அளவு அட்டவணையைப் பலர் அப்படியே எடுத்தாள்கிறார்கள். பத்தாயிரம் பேர் கொண்ட தொகுதிக்கு 370 பேர் என்று அது சொல்லும். ஆனால் அது எழுமாற்று முறையில், அதாவது குலுக்கல் போல, தேர்ந்தெடுக்கும் மாதிரிக்கான கணக்கு. பஸ் நிலையத்தில் கையில் கிடைத்தவர்களைக் கேட்டுவிட்டு அந்த அட்டவணையை மேற்கோள் காட்டுவதில் பொருளில்லை. முதுகலை அளவில், ஊருக்குப் பதினைந்து பெண்களிடம் ஆழமான நேர்காணல் எடுப்பது, நானூறு படிவங்களைவிடப் பெரும்பாலும் பயன் தரும் என்பது என் கருத்து. நெறியாளர் மறுக்கலாம், அவருக்குக் காரணம் சொல்லத் தயாராகப் போங்கள்.

படி 5: இப்போது கேள்விகள்

"இத்திட்டம் உங்கள் வாழ்க்கையை மேம்படுத்தியதா?" என்று கேட்டால் "ஆமாம்மா, நல்ல திட்டம்தான்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாகச் சந்தைக்கு என்றைக்குப் போனீர்கள்? எந்த பஸ்? போன வாரம் எத்தனை நாள்? கூடைக்கு ஏதாவது கொடுத்தீர்களா? அந்த பஸ் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" 2019-ஐப் பற்றிக் கேட்க நேர்ந்தால் ஆண்டைச் சொல்லாதீர்கள், "கொரோனாவுக்கு முந்தின பொங்கலுக்கு" என்று கேளுங்கள், நினைவு வரும்.

முதலில் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்து, புரியாத கேள்விகளை மாற்றுங்கள். பேசுவதற்கு முன் யார், எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி இசைவு பெறுங்கள். ஒலிப்பதிவுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். ஆய்வேட்டில் உண்மைப் பெயர் வேண்டாம்.

படி 6: எழுதுவது

களப்பணி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆய்வு முறை இயலைக் களத்துக்குப் போகும் முன்பே எழுதிவிடலாம். முன்னுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு வாக்கியம்: "பெண்களின் பொருளாதார முன்னேற்றத்தில் இத்திட்டம் மிக முக்கியப் பங்காற்றுவதை இவ்வாய்வு தெள்ளத்தெளிவாக நிரூபிக்கிறது." இதையே கற்பனைத் தரவை வைத்துத் திருத்துகிறேன்: "நகரப் பேருந்து வரும் ஊரில் பதினைந்து பேரில் ஒன்பது பேர் வாரம் நான்கு நாளுக்கு மேல் சந்தைக்குப் போகிறார்கள், மற்ற ஊரில் நான்கு பேர். மாதிரி சிறியது என்பதால் இதைப் பொதுமைப்படுத்த இயலாது." முதல் வாக்கியத்தை எந்த ஆய்வேட்டிலும் ஒட்டலாம். இரண்டாவது உங்களுடையது மட்டுமே. "தெள்ளத்தெளிவாக", "நிரூபிக்கிறது" ஆகிய இரண்டையும் கோப்பில் தேடி நீக்கினாலே நடை பாதி சீராகும்.

படி 7: மேற்கோளும் திருட்டும்

மேற்கோள் விவரங்களைச் சேர்த்துவைக்கும் சோட்டீரோ என்ற இலவச மென்பொருளை முதல் நாளே நிறுவி, படித்ததை அன்றன்றே சேருங்கள். எந்த மேற்கோள் முறை என்பதைத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் திருத்திய ஆய்வேட்டைத் தர ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. தமிழ் ஆய்வேடுகளை மென்பொருள் சரியாகப் பிடிக்காது என்று சிலர் துணிகிறார்கள். நீங்கள் எடுத்தாண்ட ஆய்வேட்டுக்கு நெறியாளராக இருந்தவரே உங்கள் புறத்தேர்வாளராக வருவது நம் ஊரில் அப்படி ஒன்றும் அரிதல்ல.