பழைய டேப்லெட்ட ரூட் பண்ணப் போறீங்களா? நான் தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டத படிச்சிட்டு ஆரம்பிங்க

ரெண்டு வருஷமா டிராயர்ல தூங்கிட்டு இருந்த ஒரு பத்து இன்ச் ஆண்ட்ராய்டு டேப்லெட்ட எடுத்து உயிர் குடுக்கலாம்னு உக்காந்தேன். கமாண்ட் லைன்னா கருப்பு ஸ்க்ரீன்ல வெள்ளை எழுத்து ஓடும், என் அறிவு அவ்ளோதான். எனக்கு வேண்டியது நாலு விஷயம். கூடவே வந்த தேவையில்லாத ஆப்ஸ தூக்கணும், எழுத்து எல்லாம் ராட்சச சைஸ்ல தெரியுறத சின்னதாக்கணும், விளம்பரம் வரக்கூடாது, எப்பவும் சார்ஜர்லயே கெடக்கப் போறதால பேட்டரி வீங்காம இருக்க 80 சதவீதத்தோட சார்ஜ் நிக்கணும். இது நாலுக்கும் ரூட், அதாவது சிஸ்டத்தோட உள்பகுதியையே மாத்துற முழு அதிகாரம், வேணும்னு நெனச்சு நேரா அதுல குதிச்சேன். எல்லாம் முடிஞ்சப்புறம் தான் தெரிஞ்சுது, மொத ரெண்டுக்கும் ரூட்டே வேணாம், மூணாவதுக்கும் முக்கால்வாசி வேணாம். அதனால நான் பண்ண வரிசைய விட்டுட்டு, பண்ணியிருக்க வேண்டிய வரிசைல சொல்றேன்.

மொதல்ல செட்டிங்ஸ்ல அபௌட் டேப்லெட்டுக்குள்ள போயி பில்ட் நம்பர்னு இருக்குறத ஏழு தடவை தட்டுங்க, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தொறக்கும். அதுல யுஎஸ்பி டீபக்கிங்க ஆன் பண்ணிட்டு, கம்ப்யூட்டர்ல கூகுளோட பிளாட்ஃபார்ம் டூல்ஸ இறக்கி விரிச்சு வெச்சுக்கோங்க, கம்ப்யூட்டர்ல இருந்து டேப்லெட்டுக்கு கமாண்ட் அனுப்புற ஏடிபி, ஃபாஸ்ட்பூட் ரெண்டும் அதுக்குள்ளயே இருக்கு. கேபிள மாட்டிட்டு அந்த ஃபோல்டர்ல இருந்து "ஏடிபி டிவைசஸ்"னு அடிச்சா சீரியல் நம்பர் ஒண்ணு வரணும்.

எனக்கு வரல. டிரைவர மாத்தினேன், கம்ப்யூட்டர ரீஸ்டார்ட் பண்ணேன், வேற போர்ட்ல குத்தினேன், ஒரு சாயங்காலம் முழுக்க இதுலயே போச்சு. டேப்லெட்ல சார்ஜிங் சின்னம் மட்டும் ஜோரா வருது. கடைசில பாத்தா அது ஏதோ ஹெட்ஃபோனோட வந்த கேபிள், சார்ஜ் மட்டும் தான் போகும், டேட்டாவுக்கு உள்ள கம்பியே கெடையாது. வேற கேபிள் மாட்டின அடுத்த நொடி சீரியல் நம்பர் வந்துச்சு, பக்கத்துல "அன்ஆதரைஸ்டு"ன்னு இருந்துச்சு. அப்படி வந்தா பயப்படாதீங்க, டேப்லெட் ஸ்க்ரீன்ல அனுமதி கேட்டு ஒரு பாக்ஸ் நிக்கும், அதுல ஓகே குடுத்தா போதும்.

இப்ப ரூட் இல்லாமயே ஆகுற வேலைங்க. டெவலப்பர் ஆப்ஷன்ஸ்லயே ஸ்மாலஸ்ட் விட்த்னு ஒண்ணு இருக்கும், என்னோடதுல 800 இருந்துச்சு, 900 ஆக்கினதும் எழுத்து, ஐகான் எல்லாம் சுருங்கி ஸ்க்ரீன் திடீர்னு பெருசான மாதிரி ஆயிடுச்சு. இதையே ஏடிபில "ஷெல் டபிள்யூஎம் டென்சிட்டி"னு ஒரு நம்பரோட குடுத்தும் பண்ணலாம், ஆனா அங்க கணக்கு தலைகீழ், நம்பர் கொறைஞ்சா தான் எழுத்து சின்னதாகும். நான் இது ரெண்டையும் குழப்பி என்னமோ ஒரு நம்பர அடிச்சு, ஒரே ஒரு பட்டன் முழு ஸ்க்ரீனையும் அடைச்சுக்கிட்டு நின்னுச்சு, எதையும் தொடவே முடியல. அதே கமாண்ட்ல நம்பருக்கு பதிலா "ரீசெட்"னு போட்டா பழையபடி வந்துரும்.

கூட வந்த குப்பை ஆப்ஸுக்கு, "ஏடிபி ஷெல் பிஎம் அன்இன்ஸ்டால்", அப்புறம் ரெண்டு கோடு போட்டு "யூசர் 0", கடைசில அந்த ஆப்போட பேக்கேஜ் பேரு, அதாவது சிஸ்டம் அதுக்கு உள்ளுக்குள்ள வெச்சிருக்குற பேரு. இது உங்க யூசர்ல இருந்து மட்டும் தான் ஆப்ப எடுக்கும், ஓஎஸ் உக்காந்திருக்குற சிஸ்டம் பார்ட்டிஷன்ல அது அப்படியே இருக்கும், அதனால இடம் பெருசா மிச்சமாகாது, ஆனா தப்பா எதையாவது தூக்கிட்டா "ஏடிபி ஷெல் சிஎம்டி பேக்கேஜ் இன்ஸ்டால்-எக்ஸிஸ்டிங்", பக்கத்துல அதே பேக்கேஜ் பேர குடுத்து திருப்பிக் கொண்டாந்துரலாம். பேர பாத்து தெரியாத எதையும் தூக்காதீங்க, ஒண்ணு எடுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க, அப்புறம் அடுத்தது. விளம்பரத்துக்கு, ஆண்ட்ராய்டு 9ல இருந்து பிரைவேட் டிஎன்எஸ்னு நெட்வொர்க் செட்டிங்ஸ்லயே இருக்கு (டிஎன்எஸ்னா வெப்சைட் பேர அதோட முகவரியா மாத்திக் குடுக்குற சர்வர்), விளம்பரத்த தடுக்குற டிஎன்எஸ் பேர் ஒண்ணு அதுல போட்டாலே பாதிக்கு மேல காணாம போயிடும்.

இவ்ளோ பண்ணியும் பத்தலைன்னா தான் ரூட். எனக்கு அந்த சார்ஜ் நிறுத்துற வேலை பாக்கி இருந்துச்சு, டேப்லெட்ல அதுக்கு செட்டிங் கெடையாது, அதுவும் போக, உண்மைய சொன்னா, ஆசை.

ரூட் பண்றதுக்கு முன்னாடி என்னென்ன போகும்னு தெரிஞ்சுக்கோங்க. ரூட்டுக்கு மொதல்ல பூட்லோடர, அதாவது டேப்லெட்ட எழுப்புற மொத ப்ரோக்ராம, அன்லாக் பண்ணணும், அப்படி பண்ணா உள்ள இருக்குற எல்லாம் அழியும், போட்டோ, ஃபைல், ஒண்ணு விடாம, இது கோளாறு இல்ல, திருடன் அன்லாக் பண்ணி உங்க டேட்டாவ எடுக்கக்கூடாதுன்னு வேணும்னே அப்படி வெச்சிருக்காங்க. பேங்க் ஆப்ஸ் நெறைய ஓடாது. சில மாடல்ல வைட்வைன்ங்குற வீடியோ காப்பி தடுப்பு லெவல் 1ல இருந்து 3க்கு எறங்கிடும், அப்புறம் ஓடிடி படம் எல்லாம் மங்கலா தான் ஓடும். சாம்சங்ல நாக்ஸ்ங்குற அவங்க செக்யூரிட்டி சிஸ்டத்துக்குனு ஒரு ஃபியூஸ் இருக்கு, ஒரு தடவை போச்சுன்னா பழைய ஃபர்ம்வேர் (கம்பெனி குடுக்குற முழு சாஃப்ட்வேர்) போட்டாலும் திரும்பி வராது, செக்யூர் ஃபோல்டர் அதோட சரி. இன்னும் சில கம்பெனி அன்லாக் பண்ணவே விடாது, டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல ஓஇஎம் அன்லாக்கிங்னு ஒண்ணு இல்லாமயே இருந்தாலோ, மங்கிப் போயி தொட முடியாம இருந்தாலோ மாடல் நம்பர போட்டு தேடிப் பாத்துட்டு அப்புறம் ஆசப்படுங்க.

சரி, துணிஞ்சாச்சு. மேஜிஸ்க்னு ஒரு ஆப், ஜான் வூ 2016ல ஆரம்பிச்சது, கிட்ஹப்ல அவரோட பக்கத்துல இருந்து மட்டும் எடுங்க, மேஜிஸ்க் பேர வெச்சுக்கிட்டு போலி வெப்சைட் ஏகப்பட்டது சுத்துது. இது சிஸ்டம் பார்ட்டிஷன தொடாம பூட் இமேஜ, அதாவது ஆன் ஆகும்போது மொதல்ல ஏறுற ஃபைல, மட்டும் மாத்தி ரூட் குடுக்குது, அதனால தான் திரும்பி வர்றதும் சுலபம். உங்க டேப்லெட்ல இப்ப ஓடுற அதே பில்டோட (சாஃப்ட்வேர் வெர்ஷனோட) ஃபர்ம்வேர எறக்கி அதுல இருந்து பூட் இமேஜ எடுக்கணும், ஜிப்புக்குள்ள பேலோட்னு ஒரே பெரிய ஃபைலா இருந்தா அத பிரிக்க பேலோட் டம்பர்ங்குற டூல் வேணும். ஆண்ட்ராய்டு 13ஓடயே வெளிவந்த டேப்லெட்டா இருந்தா பூட்டுக்கு பதில் இனிட் பூட் இமேஜ். அத டேப்லெட்டுக்குள்ள காப்பி பண்ணி, மேஜிஸ்க்ல இன்ஸ்டால் அமுக்கி, ஃபைல செலக்ட் பண்ணி பேட்ச் குடுத்தா டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல மேஜிஸ்க் பேட்ச்டுனு புதுசா ஒண்ணு வந்து உக்காரும், அத கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கோங்க. ஒரிஜினல கட்டாயம் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி, பென்டிரைவ்ல ஒரு காப்பி வெச்சுக்கோங்க.

அப்புறம் பாதிக்கு மேல சார்ஜ் இருக்கும்போது ஓஇஎம் அன்லாக்கிங்க ஆன் பண்ணி, "ஏடிபி ரீபூட் பூட்லோடர்", அங்க போனதும் "ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லாக்", வால்யூம் பட்டன்ல நகத்தி பவர் பட்டன்ல ஓகே. விண்டோஸ்ல "வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்"னு கல்லு மாதிரி நின்னுச்சுன்னா ஃபாஸ்ட்பூட்டுக்கு டிரைவர தனியா போடணும், ஏடிபி ஓடுச்சே இது ஏன் ஓடலன்னு நானும் முழிச்சேன். அழிச்சு முடிச்சு புதுசா எழுந்ததும் யுஎஸ்பி டீபக்கிங்க திரும்ப ஆன் பண்ணி மறுபடி ஃபாஸ்ட்பூட்டுக்கு வந்து "ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் பூட்" (இனிட் பூட் இமேஜா இருந்தா "பூட்"டுக்கு பதில் "இனிட்_பூட்"), பக்கத்துல பேட்ச் ஆன ஃபைல் பேரு, என்டர், "ஃபாஸ்ட்பூட் ரீபூட்". மேஜிஸ்க் ஆப்ப மறுபடி போட்டு தொறந்தா வெர்ஷன் நம்பர் காட்டணும். சாம்சங்ல இந்த வழி கெடையாது, டவுன்லோட் மோடும், கம்ப்யூட்டர்ல ஓடின்ங்குற சாஃப்ட்வேரும் தான், வேலை ஒண்ணு தான், வழி வேற. இனிமே ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் பூட்லோடர் அன்லாக்டுனு ஒரு எச்சரிக்கை ஸ்க்ரீன் வரும், பழகிக்கணும்.

இதுல நான் கைய சுட்டுக்கிட்டது எங்கன்னா, அதே மாடல் தானேன்னு ஒரு அப்டேட் பழைய பில்டோட பூட் இமேஜ போட்டுட்டேன். லோகோ வருது, அணையுது, வருது, அணையுது, பத்து நிமிஷம் பாத்துட்டே இருந்தேன், கை எல்லாம் வேர்த்துருச்சு. பவரையும் வால்யூம் டவுனையும் சேத்து அமுக்கிப் புடிச்சேன், ஃபாஸ்ட்பூட் ஸ்க்ரீன் வந்துச்சு, சரியான பில்டோட ஒரிஜினல் பூட் இமேஜ ஃப்ளாஷ் பண்ணேன், டேப்லெட் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆன் ஆச்சு. ஃபாஸ்ட்பூட் வருதுன்னா டேப்லெட் சாகல. பில்ட் நம்பர கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் பாருங்க, வைஃபை மாடலும் சிம் மாடலும் பாக்க ஒண்ணா இருக்கும், ஃபர்ம்வேர் வேற.

ரூட் ஆனதும் ஏசிசின்னு ஒரு மாட்யூல் (மேஜிஸ்க்ல சேக்குற கூடுதல் வசதி) போட்டு சார்ஜ் 80ல நிக்கிற மாதிரி வெச்சேன், ரெண்டு நாள் பாத்தேன், நிக்குது. ஆட்அவேங்குற விளம்பரத் தடுப்பு ஆப்ப போட்டு மேஜிஸ்க்ல சிஸ்டம்லெஸ் ஹோஸ்ட்ஸ ஆன் பண்ணா பிரைவேட் டிஎன்எஸ் மிச்சம் விட்ட விளம்பரமும் கொறையும். மாட்யூல் போட்டு பூட் ஆகாம சுத்துச்சுன்னா சேஃப் மோடுல ஒரு தடவை ஏத்துனா எல்லா மாட்யூலும் அணைஞ்சுரும். அதுக்கு மேல ஆசை வந்து லினேஜ் மாதிரி வேற ஓஎஸ் போடணும்னா உங்க மாடலுக்குன்னே பில்ட் இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி விட்டுருங்க.

ஆக்சஸரீஸ்ல எனக்கு நெஜமா பிரயோஜனப்பட்டது ஓடிஜி அடாப்டர் தான். பென்டிரைவ், மவுஸ், கீபோர்டு எல்லாம் போகும், டச் செத்துப் போன டேப்லெட்ல மவுஸ மாட்டி டேட்டா எடுத்துக்கலாம். பென்டிரைவ் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்ல இருந்தா நெறைய டேப்லெட் கண்டுக்காது, எக்ஸ்ஃபேட் பாருங்க, ஃபேட்32 எல்லாத்துலயும் ஓடும் ஆனா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது. புளூடூத் கீபோர்டு வாங்கினா யுஎஸ்பி ஓட்டை மிச்சம், ஆல்ட் டேப் அமுக்குனா கம்ப்யூட்டர் மாதிரியே ஆப் மாறும். ஸ்டைலஸ்ல தான் ஏமாறுவோம், நான் வாங்குனது விரலுக்கு பதிலா ஒரு குச்சி, அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி கோடு தடிக்கணும்னா டேப்லெட்டுக்குள்ளயே பேனா அழுத்தத்த உணர்ற டிஜிட்டைசர் இருக்கணும். மூடுனா தானா அணையுற கவரும் அப்படித்தான், உள்ள மேக்னெட் சென்சார் இல்லாட்டி அது வெறும் கவர். மெமரி கார்டு வாங்குன அன்னிக்கே கம்ப்யூட்டர்ல எச்2டெஸ்ட்டபிள்யூங்குற ப்ரோக்ராம ஓட்டி முழு கொள்ளளவு இருக்கான்னு பாத்துருங்க.

அப்டேட் வந்தா சும்மா அமுக்கிடாதீங்க. ரெண்டு ஸ்லாட் (சிஸ்டத்த ரெண்டு காப்பியா வெச்சுக்கிட்டு மாறி மாறி அப்டேட் பண்ற இடம்) இருக்குற டேப்லெட்டா இருந்தா மேஜிஸ்க்ல அன்இன்ஸ்டால் அமுக்கி ரிஸ்டோர் இமேஜஸ் மட்டும் குடுங்க, ரீபூட் பண்ணாம அப்டேட்ட ஏத்துங்க, அது ரீபூட் கேட்டாலும் பண்ணாம மேஜிஸ்க்ல இனாக்டிவ் ஸ்லாட்ல இன்ஸ்டால்னு குடுத்துட்டு அங்கேருந்தே ரீபூட் பண்ணுங்க. புது பில்டோட பூட் இமேஜையும் எடுத்து அந்த பென்டிரைவ்ல பழசு பக்கத்துலயே போட்டு வைங்க, ஃபைல் பேர்ல பில்ட் நம்பர எழுதி.