சிறிய கடல்நீர்ப் பவளத் தொட்டி: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல்நீர்த் தொட்டியைப் புதிதாக அமைப்பவர்கள், செலவும் வேலையும் குறையும் என்று எண்ணி, 20 அல்லது 30 லிட்டர் கொள்ளும் தொட்டியையே முதலில் வாங்குகிறார்கள். ஆனால் நீரின் அளவு குறையக் குறைய அதன் வெப்பமும் உப்புச் செறிவும் விரைவாக ஏறி இறங்கும். பவள உயிர்களால் தாங்க முடியாததும் அந்த ஏற்ற இறக்கம்தான். தொடங்குபவர்கள் 60 லிட்டருக்குக் கீழே போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து; 100 லிட்டர் என்றால் இன்னும் நல்லது.

ஆவியாகும் நீரை ஈடுசெய்வதில் நேரும் தவறுதான் பல தொட்டிகளைச் சத்தமில்லாமல் அழிக்கிறது. ஆவியாகி வெளியேறுவது நன்னீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடும். 60 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 2 லிட்டர் குறைவதாகவும், அதை உப்புநீரால் நிரப்புவதாகவும் வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு 35 பங்காக இருக்க வேண்டிய உப்பு ஒரே வாரத்தில் 43-ஐத் தாண்டிவிடும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்தைக் கோடிட்டுக் குறித்துக்கொண்டு, தினமும் அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ. (சவ்வில் வடிகட்டிய) தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும். வீட்டுக் குடிநீர்க் கருவிகள் பலவற்றில் சுவைக்காகக் குழாய்நீர் மீண்டும் கலக்கப்படுவதால், நீரில் கரைந்துள்ள பொருட்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பார்க்காமல் அந்த நீரை நம்பக் கூடாது. உப்பை அளக்க, ஒளி விலகலைக் கொண்டு செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரே ஏற்றது. முள் வைத்த பிளாஸ்டிக் கருவியில், முள்ளின் மீது ஒட்டிய ஒரு சிறு காற்றுக்குமிழே அளவைக் கூட்டிக் காட்டிவிடும்.

தண்ணீர் தெளிந்ததும் மீனை விட்டுவிடுவது அடுத்த தவறு. மீன்கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் வைக்கும் கற்களில் குடியேறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கடல்நீர் காரத்தன்மை உடையது என்பதால், நன்னீரைவிட இதில் அமோனியாவின் நச்சு கடுமையாக இருக்கும். அமோனியாவைச் சிறிதளவு சேர்த்த பின்னும் மறுநாள் சோதனையில் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியாக இருந்தால்தான் தொட்டி தயார். இடையில் கற்களின் மீது பழுப்பு நிறப் பாசி படர்வது இயல்பு. அதைக் கண்டு பயந்து மருந்து ஊற்ற வேண்டாம்.

சென்னை போன்ற ஊர்களில் ஹீட்டரைவிடக் குளிர்விப்பதைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியாதல் கூடும் என்பதால், மேலே சொன்ன கோட்டை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலுக்கு விசிறி போதாது. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்க முடியாதவர்கள் அந்த மாதங்கள் கழிந்த பிறகு தொடங்குவதே முறை.

மண்டபம், இராமேசுவரம் கடற்கரைகளுக்குச் செல்பவர்கள் பவளத்துண்டையோ கடற்கல்லையோ எடுத்துவந்து தொட்டியில் வைப்பதும் உண்டு. கல்பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரைகள் ஆகியவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் (மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் பட்டியலில்) சேர்க்கப்பட்டன. இறந்த பவளத்தை எடுத்துவருவதும் குற்றமே. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளம் வெட்டப்பட்டதற்கும், அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் மூழ்கியதற்கும் தொடர்பு உண்டு. நம் வரவேற்பறை அழகுக்காக அந்தக் கடலில் இனி ஒரு துண்டும் குறையக் கூடாது. செயற்கைப் பீங்கான் கற்களே பாக்டீரியாவுக்குப் போதுமான இடம் தரும்.

மீன்களில், பண்ணையில் பிறந்த கிளவுன் மீன் இணை ஒன்று போதும். நீல டேங் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரும். சிறு தொட்டி அதற்குச் சிறைதான். புதிய மீனைத் தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். வெண்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்தை அந்தத் தனித் தொட்டியில் மட்டுமே பயன்படுத்த வேண்டும்; பவளத் தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் பவளமும் மடிவதோடு, கற்கள் தாமிரத்தை உறிஞ்சிவைத்துப் பின்னர் சிறிது சிறிதாக வெளியிடும்.