வீடற்றவர்களுக்குப் பகல் மையம்: செட்டிநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் வீடற்றவர்கள் பகலில் வந்து குளித்து, இளைப்பாறிப் போக ஒரு பகல் மையம் வைக்கலாம் என்று பேச்செடுத்தால், "எங்க வீடு பூட்டித்தானே கிடக்கு, எடுத்துக்குங்க" என்று யாராவது சொல்லிவிடுவார். நல்ல மனசுதான். ஆனால் சிக்கலும் அங்கேதான் ஆரம்பம்.

பங்காளிகளுக்கெல்லாம் பொதுவான பரம்பரை வளவு வீட்டில் அவருக்கு ஒரு பங்குதான் இருக்கும். மற்ற பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கழிப்பறை கட்டி முடித்த பிறகு, சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) ஊர் வரும் இன்னொரு பங்காளி "யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" என்றால், மையமே தெருவுக்கு வந்துவிடும். அத்தனை பேர் கையெழுத்தும் இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள். கையெழுத்து கிடைத்தாலும் உயரமான முகப்புப் படிகளும், ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடி டைல்ஸும் முழங்கால் போன முதியவருக்கு ஆகாது. கானாடுகாத்தானில் அரண்மனையே கிடைத்தாலும், காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் படுப்பவர் அங்கே எப்படிப் போவார்? அவர் நடந்து வரும் தூரத்தில் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தால் அதுவே மேல்.

அப்புறம் சோறு. நம் ஊர்களில் அன்னதானத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு வேளை எங்காவது கிடைத்துவிடும். கிடைக்காதது குளிக்க இடம், துவைத்துக் காயப்போடக் கொடி, செல்போனுக்குச் சார்ஜ், யாரும் விரட்டாமல் பகலில் கால் நீட்ட ஒரு பாய். முக்கியமாக, பூட்டு போட்ட ஒரு பெட்டி. மூட்டையை விட்டுப் போக இடமில்லாததாலேயே வேலைக்குப் போகாதவர்கள் உண்டு. பணத்தையெல்லாம் சமையற்கட்டில் கொட்டிவிட்டு எல்லாருக்கும் சேர்த்து ஒரே குளியலறை வைத்தால், பெண்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

வாசலில் ஆதார் கேட்காதீர்கள். தொலைந்த அட்டையை மறுபடி வாங்க உதவுவதே மையத்தின் வேலைதானே.

என்னால் பொறுக்க முடியாத ஒன்று, வந்தவரைப் பிடித்து மொட்டையடித்து, குளிப்பாட்டி, முன்பு இப்படி, இப்போது இப்படி என்று வாட்ஸ்அப்பில் வீடியோ போடுவது. கத்தரியும் சோப்பும் இருக்கட்டும். அவர் கேட்டால் வெட்டுங்கள். நன்கொடை தந்தவருக்குக் கணக்கைக் காட்டுங்கள், முகத்தைக் காட்ட வேண்டாம்.

மனநலம் குன்றியவர் வந்தால் வண்டியில் ஏற்றி வேறு ஊரில் இறக்கிவிடுவதும், அறையில் பூட்டிவைப்பதும் உதவி அல்ல. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, திரிந்துகொண்டிருக்கும் மனநோயாளியைக் காவல்துறை தன் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்; லாக்கப்பில் வைக்கக் கூடாது. மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இரவையும் யோசிக்க வேண்டும். மாலையில் கதவைச் சாத்தினால் அவர் எங்கே போவார்? நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத் திட்டம் 2013-ல் வந்தபோது, நகர மக்கள்தொகையில் ஒரு லட்சத்துக்குக் குறைந்தது 100 பேர் தங்க இடம் என்றுதான் கணக்கு வைத்தார்கள். காரைக்குடி 2011 கணக்கெடுப்பிலேயே லட்சத்தைத் தாண்டிவிட்டது. மாநகராட்சி அலுவலகத்தில் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

திறக்கும் நேரத்தைப் பத்து முதல் ஐந்து என்று முடிவு செய்யும் கூட்டத்தில், பேருந்து நிலையத்தில் படுப்பவர் ஒருவர்கூட உட்கார்ந்திருக்க மாட்டார். ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். சித்தாள் வேலைக்கு நிற்பவராக இருந்தால், "காலைல அஞ்சரைக்குத் தண்ணி வருமா?" என்றுதான் கேட்பார்.