வெள்ளத்தில் நனைந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் வீட்டுக் காப்பீட்டில் இழப்பீடு பெறும் வழி

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில், சென்னை வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. வடிந்த பிறகு பார்த்தபோது, கூடத்தில் நின்ற இரண்டு ஸ்பீக்கர்களின் துணித் திரையிலும் தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் பழுப்புக் கோடு படிந்திருந்தது. பெட்டிகளின் அடிப்பலகை ஊறி உப்பியிருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஆம்ப்ளிஃபயரின் காற்றுத் துளைகளில் சேறு அப்பியிருந்தது. வீட்டைச் சுத்தம் செய்யும் அவசரத்தில் அந்தப் பழுப்புக் கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். நான்கு நாள் கழித்து, சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்து கேட்ட முதல் கேள்வி, தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதற்கு என்ன அடையாளம் இருக்கிறது என்பதுதான். சுவரில் இருந்த கோடு அழியாமல் இருந்ததால் தப்பித்தேன். பொருள் கெட்டுப்போயிருப்பதை யாரும் மறுக்கவில்லை. அது எதனால் கெட்டது என்பதைக் காட்டுவதில்தான் இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கிறது.

வீட்டுக் காப்பீட்டை வாரண்டியைப் போல நினைப்பவர்கள் பலர். ஆம்ப்ளிஃபயர் ஒருநாள் தானாகவே ஓய்ந்துபோனால் வீட்டுக் காப்பீடு அதற்குப் பணம் தராது. பாலிசியில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கும் நிகழ்வுகளால் சேதம் நேர்ந்தால் மட்டுமே தரும். இந்தியாவில் காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையத்தின் உத்தரவுப்படி 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுப் பாலிசியில் தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிதல் முதலியவை அந்தப் பட்டியலில் உள்ளன. திருட்டைப் பொறுத்தவரை, இந்த நிகழ்வுகளில் ஒன்று நடந்து, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் பொருள் திருடு போனால் மட்டுமே இந்தப் பாலிசி பொறுப்பேற்கும்.

ஹை-ஃபை எனப்படும் உயர்தர ஒலிச்சாதனங்கள் வைத்திருப்பவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டிய வரி, விலக்குகள் பகுதியில் இருக்கிறது. அதிக மின்னழுத்தம், ஷார்ட் சர்க்யூட், தானே சூடேறுதல், மின்கசிவு ஆகியவற்றால் ஒரு மின்சாதனத்துக்கு நேரும் சேதத்தை, அதற்கு மூலகாரணம் மின்னலாகவே இருந்தாலும், பாலிசி ஏற்பதில்லை. இந்த விலக்கு பழுதான அந்த ஒரு சாதனத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், ஆம்ப்ளிஃபயரில் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடித்துப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர்களும் இசைத்தட்டுகளும் எரிந்தால், அவற்றுக்கான இழப்பீட்டைக் கேட்கலாம். மின்வாரியத்தின் லைனில் திடீரென வோல்டேஜ் எகிறி ரிசீவர் (ரேடியோவும் சேர்ந்த ஆம்ப்ளிஃபயர்) போய்விட்டது என்றால், அடிப்படைப் பாலிசியை நம்பிப் பயனில்லை. வீட்டு மின், மின்னணுச் சாதனங்களின் பழுதுக்கென்று தனிப் பிரிவு உள்ள, பல பிரிவுகளைச் சேர்த்துத் தரும் பேக்கேஜ் பாலிசி எடுத்திருந்தால், அந்தப் பிரிவின் கீழ்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டடத்துக்குப் பாரத் கிருஹ ரக்ஷா எடுத்திருந்தால், கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே கிடைக்கும். ஒவ்வொரு பொருளையும் பட்டியலிட வேண்டியதில்லை. கட்டடத்துக்கு 30 லட்சம் என்றால் பொருட்களுக்கு 6 லட்சம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்க முடியும்.

இனி, சேதம் நேர்ந்த பிறகு செய்ய வேண்டியவை. முதலாவது, எதையும் ஆன் செய்து பார்க்காதீர்கள். வெயிலில் ஒருநாள் காயவைத்துவிட்டுப் பிளக்கைச் செருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். உள்ளே படிந்த சேறும் ஈரமும் மின்சாரத்தைக் கடத்தும். பாடிக்கொண்டிருந்திருக்கக்கூடிய பாகமும் அந்த நொடியில் கருகிப்போகும். அதற்குப் பிறகு இது வெள்ளத்தால் வந்த சேதமா, நீங்கள் ஆன் செய்ததால் வந்த ஷார்ட் சர்க்யூட்டா என்ற கேள்வி எழும், முன்னே சொன்ன விலக்கும் கூடவே வரும். மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகுதான் பிளக்குகளைப் பிடுங்க வேண்டும். மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆம்ப்ளிஃபயரின் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் பழைய பாணி வால்வ் ஆம்ப்ளிஃபயர் என்றால் அது உயிருக்கே ஆபத்தானது.

இரண்டாவது, நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். அறை முழுவதும் தெரியும்படி ஒரு படம், சுவரில் உள்ள தண்ணீர்க் கோடும் சாதனமும் ஒரே சட்டகத்தில் வரும்படி ஒன்று, கோட்டின் பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்து ஒன்று, ஒவ்வொரு சாதனத்தின் பின்புறத்திலும் உள்ள மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுத்து விடாமல் தெரியும்படி ஒன்று. தொடர்ச்சியாக ஒரு வீடியோவும் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு சாதனங்களை உலர்ந்த இடத்துக்கு மாற்றுவது தவறல்ல; மேலும் கெடாமல் பாதுகாப்பது உங்கள் கடமை என்று பாலிசியே சொல்கிறது. ஊறிப்போன ஸ்பீக்கர்ப் பெட்டியைக் குப்பையோடு சேர்த்து வெளியே வைப்பதும், காயலான் கடைக்குப் போடுவதும்தான் கூடாது. சர்வேயர் கண்ணால் பார்க்காத பொருளுக்காக வாதாடுவது மிகக் கடினம்.

அன்றைக்கே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் சொன்னாலும் மின்னஞ்சலும் அனுப்பி, கிளைம் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில், சேதத்தை முதலில் கவனித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கிளைம் படிவம் போய்ச் சேர வேண்டும். திருட்டு என்றால் காவல் நிலையத்திலும், தீ என்றால் தீயணைப்புத் துறையிலும் பதிவு இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட அதிகக் கவனம் தேவைப்படும் தாள், மெக்கானிக்கின் அறிக்கை. நம் ஊரில் அனுபவமுள்ள நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் பில் புத்தகத்தில் ஒரே வரியில் ‘போர்டு ஷார்ட், ஐ.சி. போய்விட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த வரி பொய்யல்ல, ஆனால் அது பழுதை மட்டும் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. அதைப் படிக்கும் சர்வேயர் மின் பழுதுக்கான விலக்கின் கீழ் அதைச் சேர்த்துவிடலாம். ஆகவே, மெக்கானிக் தன் கண்ணால் கண்டதை முழுமையாக எழுதித் தரும்படி கேளுங்கள்: எந்த உயரம் வரை சேறு இருந்தது, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றில் ஈரம் ஏறியிருக்கிறதா, செம்புத் தடங்களில் களிம்பு ஏறியிருக்கிறதா, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நெளிந்துவிட்டதா, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காய் இருக்கும் இடுக்கில் துரு பிடித்திருக்கிறதா, இவையெல்லாம் தண்ணீர் புகுந்ததால் வந்தவையா. அவர் காணாத எதையும் எழுதச் சொல்லக் கூடாது. பொய்யான ஒரு வரி மொத்தக் கோரிக்கையையும் கவிழ்த்துவிடும். பழுதுபார்க்க முடியும் என்றால் செலவு எவ்வளவு, முடியாது என்றால் ஏன் முடியாது என்பதும் அந்த அறிக்கையில் இருக்கட்டும். மரத்தூள் பலகையில் செய்த ஸ்பீக்கர்ப் பெட்டி ஒருமுறை உப்பிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. அதை அவர் எழுதினால், உள்ளே இருக்கும், ஒலி எழுப்பும் யூனிட்டுகள் பிழைத்திருந்தாலும் பெட்டிக்கான மாற்றுச் செலவைக் கேட்பதற்கு அடிப்படை கிடைக்கும். சர்வேயர் பார்த்துவிட்டுப் போகும் வரை பாகங்களை மாற்ற அனுமதிக்காதீர்கள்.

அடுத்தது, பொருள் உங்களுடையது என்பதற்கும் அதன் விலைக்கும் ஆன சான்று. பில் இருந்தால் கவலை இல்லை. ரிச்சி தெருவில் கைக்காசு கொடுத்து வாங்கிய ஆம்ப்ளிஃபயருக்கும், பத்து வருடத்துக்கு முன் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கருக்கும் பில் எங்கே இருக்கும்? வங்கிக் கணக்கு அறிக்கை, இணையக் கடையின் பழைய மின்னஞ்சல், வாரண்டி அட்டை, அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டு ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். எனக்குக் கைகொடுத்தது ஒரு கொலுப் படம். மூன்று வருடத்துக்கு முன் நவராத்திரியில் எடுத்தது. படிகளுக்கு வலப்பக்கம் ஒரு ஸ்பீக்கரும், கீழே ஆம்ப்ளிஃபயரின் முகப்பும் மாடல் எண் படிக்கும்படி விழுந்திருந்தன. தேதியோடு கைபேசியில் இருந்த அந்தப் படத்தைச் சர்வேயர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். விலைக்கு, அதே மாடலுக்கான இன்றைய விலைப்புள்ளியை ஒரு டீலரிடமிருந்து அவருடைய முத்திரையோடு வாங்குங்கள். அந்த மாடல் இப்போது வருவதில்லை என்றால், அதற்கு இணையான மாடல் எது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அது கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். சர்வேயர் வரும்போது எல்லாத் தாள்களையும் இரண்டு பிரதிகளாக வைத்துக்கொண்டு, கொடுத்தவற்றுக்குக் கையெழுத்து வாங்குங்கள். காய்ந்த பிறகு மெக்கானிக் சோதிக்கும்போது ஆம்ப்ளிஃபயர் பாடுகிறது என்பதற்காக ‘நல்ல நிலையில் உள்ளது’ என்ற குறிப்புக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். களிம்பு மெல்ல ஏறி, சில மாதங்கள் கழித்துத் தன் வேலையைக் காட்டும். ஸ்பீக்கர் ஜோடியில் ஒன்று மட்டும் நனைந்திருந்தால், நனைந்த ஒன்றுக்கு மட்டும் பணம் என்று சொல்லப்படலாம். அந்த மாடல் ஒற்றையாக விற்கப்படுவதில்லை என்று டீலர் எழுதிய கடிதம் இருந்தால், ஜோடிக்காகப் பேச இடமிருக்கிறது. இசைத்தட்டுகளில் அரிதானவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலையைப் பொதுப் பொருட்களின் கீழ் எதிர்பார்க்க முடியாது. மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பாலிசியில் எழுதியிருந்தால்தான் அது கிடைக்கும்.

தீர்வுக் கடிதம் வந்தால் கழிவுகளை வரிவரியாகப் பாருங்கள். சேதமான பொருள் உங்களிடமே இருந்தால் அதன் பழைய சாமான் மதிப்பைக் கழிப்பது நியாயம். தேய்மானம் என்று கழித்திருந்தால், உங்கள் பாலிசி மாற்றுச் செலவின் அடிப்படையில் தருகிறதா, சந்தை மதிப்பின் அடிப்படையில் தருகிறதா என்று பார்த்து, எந்த விதியின்படி கழித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள்.

பதில் திருப்தியாக இல்லை என்றால், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ என்னும் புகார் இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்மேனிடம், ஒரு வருடத்துக்குள் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவர் வழங்க முடியும். கிளைம் எண், பாலிசியின் நகல், நிராகரிப்புக் கடிதம், மெக்கானிக்கின் அறிக்கை, தண்ணீர்க் கோடு தெரியும் படங்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிப் புகாரோடு இணையுங்கள்.