ஆபரேஷனுக்கு முன் கஷாயம்: வீட்டில் நடக்கும் தவறுகள்

"வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்பார். "பிரஷர் மாத்திரை மட்டும்தான்" என்று பதில் வரும். கட்டிலுக்கு அடியில் இருக்கும் கட்டைப்பையில் அமுக்கரா சூரண டப்பா இருக்கும். யாரும் பொய் சொல்வதில்லை. நாட்டு மருந்தை நாம் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, அவ்வளவுதான். மற்ற தவறுகளெல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

"பயமில்லாமல் தூங்கட்டும்" என்று முந்தின ராத்திரி பாலில் அமுக்கரா கலந்து கொடுக்கிறார்கள். அது தூக்கத்தைக் கூட்டும் சரக்கு; மயக்க மருந்தோடு சேர்ந்தால் கண் விழிக்கத் தாமதமாகலாம். குழம்பில் போடும் பூண்டு வேறு, பூண்டு காப்ஸ்யூல் வேறு. காப்ஸ்யூலும், கிங்கோ என்ற மரத்தின் இலையிலிருந்து செய்யும் மாத்திரையும் ரத்தக்கசிவைக் கூட்டலாம். தினமும் அதிமதுரம் சாப்பிட்டால் பொட்டாசியம் குறைந்து, இதயத்துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் உண்டு. மூலிகை மருந்துகளை 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது இதனால்தான். ஆனால் தூக்கத்துக்காக வெலேரியன் என்ற வேர் மருந்தை நெடுநாள் எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதற்காகவே டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சுக்கு விஷயம் கொஞ்சம் வேறு. ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் முன் 1 கிராம் இஞ்சிப்பொடி கொடுத்த சில ஆய்வுகளில், விழித்தபின் வரும் குமட்டல் குறைந்திருக்கிறது. ஆனால் அங்கே டாக்டர்களே அளந்து, காப்ஸ்யூலில் கொடுத்தார்கள். இதை நம்பி, பனைவெல்லம் போட்ட சுக்குக் கஷாயத்தைக் காலையில் பிளாஸ்கில் கொண்டுவந்து ஒரு மடக்கு ஊற்றிவிடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்வரை சரி. பால், லேசான சாப்பாடு என்றால் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். கலங்கிய கஷாயம் தண்ணீர்க் கணக்கில் வராது. மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கொடுத்துவிட்டீர்களா? உடனே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனைச் சில மணி நேரம் தள்ளிவைப்பார்கள்.

கண் விழித்ததும் "தெம்புக்கு" என்று கஷாயத்தைக் கரண்டியால் புகட்டுவதும் வேண்டாம். அரைமயக்கத்தில் விழுங்கும்போது புரையேறும். நர்ஸ் முதலில் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார். குடல் ஆபரேஷன் என்றால் அதற்கும் டாக்டர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் கஷாயத்தைப் பற்றிக் கேட்டுக்கொள்ளலாம்.